அவசர முடிவு ஒரு நல்ல தொடரைக் கெடுத்துவிடுமா? ‘வொண்டர் எக் பிரையாரிட்டி’யை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களான அனிமே பார்க்கத் தொடங்கும் எவருக்கும் சீக்கிரமே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. பத்து வாரங்களாக நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்த ஒரு தொடர், கடைசி இரண்டு எபிசோட்களில் திடீரென்று வேகமெடுத்து, புதிய பாத்திரங்களையும் புதிய விளக்கங்களையும் அள்ளிப்போட்டு, தானே எழுப்பிய கேள்விகளில் பாதிக்கு விடை சொல்லாமலே முடிந்துவிடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். அப்படி முடிந்த தொடரை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? கனவுத்தன்மையும் துயரமும் கலந்த அனிமேக்களில் இந்தக் கேள்வி மற்ற வகைகளைவிடச் சிக்கலானது. ஏனென்றால் அவை தொடக்கத்திலிருந்தே விளக்கம் சொல்ல மறுத்து வளர்பவை. 2021இல் வெளிவந்த ‘வொண்டர் எக் பிரையாரிட்டி’ என்ற தொடரை முதன்மை உதாரணமாகக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன். முடிவைப் பற்றிய கட்டுரை என்பதால் கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் இருக்க வழியில்லை. தொடரை இன்னும் பார்க்காதவர்கள் அதை மனத்தில் கொண்டு படிக்கவும்.

முதலில் இந்த வகையைப் பற்றி. சர்ரியல் என்று நாம் சொல்லும் அனிமேயில் காட்சிகள் கனவின் தர்க்கத்தைப் பின்பற்றுகின்றன. ஒரு கதவைத் திறந்தால் பள்ளிக்கூடம் வரும், அடுத்த கதவைத் திறந்தால் கடல் வரும். அது ஏன் என்று எந்தப் பாத்திரமும் கேட்பதில்லை. இத்தகைய கதையில் ஒரு நிகழ்வையும் அடுத்ததையும் இணைப்பது பெரும்பாலும் பாத்திரத்தின் மனநிலைதான்: குற்ற உணர்வு கொண்டவளுக்கு உலகம் துரத்துவதாகத் தெரியும், தனிமையில் இருப்பவளுக்கு நகரமே காலியாகக் கிடக்கும். 1998இல் வந்த ‘சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன்’, 2002இல் வந்த ‘ஹைபானே ரென்மெய்’ ஆகிய இரண்டும் தலா 13 எபிசோட்களில் இதைச் செய்து காட்டியவை. இவற்றில் துயரம் கதையின் நிறமாகவே இருக்கும். ஒரு மரணமோ பிரிவோ நிகழ்ந்த பிறகுதான் கதை தொடங்கும், பார்வையாளர் அந்த இழப்பின் வடிவத்தைச் சிறிது சிறிதாகத்தான் கண்டுகொள்வார்.

அவசர முடிவு எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஜப்பானியத் தொலைக்காட்சியின் நாட்காட்டியை அறிய வேண்டும். அங்கே ஓராண்டு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களில் தொடங்கும் நான்கு காலாண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு காலாண்டுக்குரிய தொடர் 12 அல்லது 13 எபிசோட்கள் கொண்டது. எபிசோட் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 24 நிமிடம். தொடக்கப் பாடலும் நிறைவுப் பாடலும் தலா ஒன்றரை நிமிடத்தை எடுத்துக்கொண்டால், கதைக்கு மிஞ்சுவது சுமார் 21 நிமிடம். பல தொடர்கள் ஒளிபரப்பு தொடங்கும் நாளில் முழுமையாக முடிந்திருப்பதில்லை. முதல் எபிசோட் வீடுகளைச் சென்றடையும்போது ஏழாவதோ எட்டாவதோ இன்னும் ஓவியர்களின் மேசையில் இருக்கும். ஏதாவது ஓர் இடத்தில் வேலை தேங்கினால், பழைய காட்சிகளைத் தொகுத்து ஒரு வாரத்தை ஓட்டுவார்கள். ‘வுல்ஃப்ஸ் ரெய்ன்’ என்ற 2003ஆம் ஆண்டுத் தொடரில் 15 முதல் 18 வரை தொடர்ந்து நான்கு எபிசோட்கள் இப்படிப்பட்ட தொகுப்புகளே. கதையின் உண்மையான முடிவைத் தனியே வெளியிடப்பட்ட நான்கு எபிசோட்களில்தான் சொல்ல முடிந்தது. காலாண்டு முடிந்ததும் அடுத்த தொடர் அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஆக, பன்னிரண்டு வாரக் கதையில் ஒரு வாரம் தொலைந்தாலும் அது கடைசியில்தான் கணக்கில் விழும்.

ஆனால் ‘அவசரமாக முடிந்தது’ என்று பார்வையாளர்கள் குறைபடும் எல்லாமே அவசரம் அல்ல. விளக்கப்படாத முடிவு ஒன்று, அவசரமான முடிவு வேறொன்று. புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது இங்கேதான். ‘ஹைபானே ரென்மெய்’ தொடரை எடுத்துக்கொள்வோம். தலைக்கு மேல் ஒளிவட்டமும் முதுகில் சிறு சாம்பல் நிறச் சிறகுகளும் கொண்டவர்கள் ஒரு மதில் சூழ்ந்த ஊரில் கூடுகளிலிருந்து பிறக்கிறார்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது, ஊரை நிறுவியவர் யார் என்பவற்றுக்குத் தொடர் கடைசிவரை விடை சொல்வதில்லை. இருந்தும் அதை யாரும் பாதியில் நின்ற கதை என்று சொல்வதில்லை. காரணம், அந்தத் தொடர் பார்வையாளருக்குத் தந்த வாக்கு மதிலைப் பற்றியது அல்ல. மற்றவர்களுக்கெல்லாம் தாயாக இருந்து பார்த்துக்கொள்ளும் ரெகி என்ற பெண், தன்னை யாரும் காப்பாற்றமாட்டார்கள் என்று உள்ளூர நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளால் ‘என்னைக் காப்பாற்று’ என்று வாய்விட்டுக் கேட்க முடியுமா என்பதே தொடர் எழுப்பிய கேள்வி. கடைசி எபிசோடில் அவள் கேட்கிறாள். கேள்வியும் விடையும் சந்தித்துவிட்டன; மதில் மர்மமாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு தொடரின் முடிவை எடைபோடும்போது, அது எத்தனை புதிர்களை அவிழ்த்தது என்று எண்ணுவதைவிட, தொடக்கத்தில் எந்த உணர்ச்சியை நம் கையில் கொடுத்தது, அதைக் கடைசியில் என்ன செய்தது என்று பார்ப்பது பொருத்தம். துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்பது தெரியாமல் போனால் அது குறைதான். சர்ரியல் தொடரில் உலகத்தின் விதிகள் தெரியாமல் போவது பெரிய குறையல்ல.

இப்போது நம் முதன்மை உதாரணத்துக்கு வருவோம். ‘வொண்டர் எக் பிரையாரிட்டி’ 2021 ஜனவரியில் நிப்பான் தொலைக்காட்சியின் பின்னிரவு நேரத்தில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. க்ளோவர்வொர்க்ஸ் ஸ்டூடியோ தயாரித்தது. இயக்குநர் ஷின் வகபயாஷிக்கு இது முதல் தொலைக்காட்சித் தொடர். எழுதியவர் ஷின்ஜி நோஜிமா, 1990களில் ஜப்பானியத் தொலைக்காட்சி நாடகங்களின் மூலம் பெயர் பெற்றவர். சமூகம் பேசத் தயங்கும் விஷயங்களைக் கூச்சமின்றி எடுத்துக்கொள்வது அவருடைய பழைய வழக்கம்.

கதையின் நாயகி ஐ ஓட்டோ என்ற 14 வயதுச் சிறுமி. இரு கண்களும் இரு நிறத்தில் இருப்பதால் பள்ளியில் ஒதுக்கப்பட்டவள். அவளுக்கு இருந்த ஒரே தோழியான கோய்ட்டோ பள்ளிக் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்துபோன பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். ஓர் இரவு நடையில் அவளுக்கு ஒரு குரல் கேட்கிறது. அது அவளை ஒரு தோட்டத்துக்கு அழைத்துச்செல்கிறது. அங்கே காசு போட்டுத் திருகினால் பொம்மை விழும் இயந்திரத்திலிருந்து முட்டைகள் விழுகின்றன. உறங்கும்போது கனவு உலகில் அந்த முட்டையை உடைத்தால் உள்ளிருந்து ஒரு சிறுமி வெளிவருவாள். அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவள். அவளை அவள் வாழ்வில் துன்புறுத்தியவரின் பூத வடிவத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும். போதுமான அளவு காப்பாற்றினால் கோய்ட்டோ திரும்பிவருவாள் என்பது ஓட்டோவுக்குச் சொல்லப்படும் நிபந்தனை. இதே நம்பிக்கையில் நெய்ரு, ரிகா, மொமோயே என்ற மூன்று சிறுமிகளும் முட்டை வாங்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் காப்பாற்ற முடியாமல் போன ஒருவர் இருக்கிறார்.

முதல் எபிசோடைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்தத் தொடரின் பலம் தெரியும். கனவுப் பள்ளிக்கூடத்தில் முகமற்ற ஒரு கூட்டம் முட்டையிலிருந்து வந்த சிறுமியைத் துரத்துகிறது. கண்டும் காணாததுபோல் இருந்துவிடுபவர்களின் உருவகம் அந்தக் கூட்டம். ஓட்டோ முதலில் ஒளிந்துகொள்கிறாள். விழித்திருக்கும் உலகில் கோய்ட்டோ வதைக்கப்பட்டபோது அவள் செய்ததும் அதுதான். வெளியே வந்து சண்டையிட அவளுக்குக் கிடைக்கும் ஆயுதம் வாள் அல்ல, நான்கு நிற மை கொண்ட ஒரு சாதாரண பேனா. அது அவள் கையில் பெரிதாகி ஆயுதமாகிறது. பள்ளிப் பையில் கிடக்கும் ஒரு பொருளைத் தவிர வேறெதுவும் இல்லாதவளின் தைரியம் இப்படித்தான் இருக்கும் என்று அந்தக் காட்சி ஒரு வசனமும் இன்றிச் சொல்லிவிடுகிறது. தொடரின் தொடக்கப் பாடலும் ஜப்பானியப் பள்ளி நிறைவு விழாக்களில் மாணவர்கள் சேர்ந்து பாடும் பழைய பாடல். நான்கு நாயகிகளுக்குக் குரல் கொடுத்தவர்களே பாடியிருக்கிறார்கள். பள்ளியை முடிக்காமலே போன சிறுமிகளைப் பற்றிய கதைக்கு அதைத் தேர்ந்தவரின் காதைப் பாராட்ட வேண்டும்.

இரண்டாவது எபிசோடில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையும் அவளை வதைத்த பயிற்சியாளரும், நான்காவதில் ரயிலில் தொல்லைக்கு ஆளான ஒரு பெண்ணும் வருகிறார்கள். ஏழாவது எபிசோட் ரிகாவுக்கும் அவள் தாய்க்கும் இடையிலான பிணக்கைத் தொடுகிறது. என் கணக்கில் தொடரின் உச்சம் அதுவே. தாயை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டே அவளிடம் திரும்பிப் போகும் மகளின் குழப்பத்தை, எந்தப் பக்கமும் சாயாமல், இருபது நிமிடத்தில் சொல்ல முடிந்திருக்கிறது. இந்த ஏழு எபிசோட்களிலும் தொடர் தந்த வாக்கு தெளிவானது: இந்தச் சிறுமிகள் ஏன் இறந்தார்கள் என்பதற்கான விடை வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்களின் மௌனத்திலும் இருக்கிறது, உயிரோடு இருப்பவர்கள் அந்தக் குற்ற உணர்வோடு எப்படி வாழப்போகிறார்கள் என்பதை நாங்கள் காட்டுவோம்.

பிறகு நெருக்கடி தெரியத் தொடங்குகிறது. எட்டாவது வாரத்தில் புதிய கதை இல்லாத தொகுப்பு எபிசோட் வருகிறது. பதினோராவது எபிசோட் ஏறக்குறைய முழுவதும் கடந்த காலத்துக்குச் சென்று, தோட்டத்தைக் காக்கும் இரு ஆண்கள் இளமையில் செயற்கையாக உருவாக்கிய ஃப்ரில் என்ற சிறுமியை அறிமுகப்படுத்துகிறது. ஃப்ரில் பொறாமையால் கொலை செய்கிறாள், எரிக்கப்படுகிறாள், பிறகும் ஏதோ ஒரு வடிவில் சிறுமிகளை மரணத்தை நோக்கி இழுக்கிறாள் என்று சொல்லப்படுகிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் இது அச்சமூட்டும் நல்ல சிறுகதை. அந்த எபிசோடை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் பன்னிரண்டில் பதினோராவது இடத்தில் அது வந்து சேர்ந்ததும், பத்து வாரமாகப் பள்ளியின் கொடுமையிலும் பெரியவர்களின் அலட்சியத்திலும் தேடப்பட்ட காரணம் ஒரே இரவில் ஒரு மாய வில்லியின் தலையில் கட்டப்பட்டுவிட்டது. பயிற்சியாளரும் ரயிலில் தொல்லை கொடுத்தவரும் செய்தவற்றுக்கு இனி அவர்கள் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வி அந்தரத்தில் தொங்குகிறது. இந்த இடத்தில் கோபப்படும் பார்வையாளரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

மார்ச் 31 அன்று வெளியான பன்னிரண்டாவது எபிசோடிலும் கதை முடியவில்லை. ஜூன் மாத இறுதியில் ஒரு சிறப்பு எபிசோட் ஒளிபரப்பானது. ஒரு மணி நேர ஒளிபரப்பின் முதல் பாதி மீண்டும் பழைய காட்சிகளின் தொகுப்பு. எஞ்சிய பாதியில் நடப்பவற்றைப் பாருங்கள்: கோய்ட்டோ உயிரோடு வருகிறாள், ஆனால் அவள் வேறோர் உலகத்தவள் என்பதால் ஓட்டோவை அவளுக்குத் தெரியாது, கோய்ட்டோவின் மரணம் எப்படி நிகழ்ந்தது என்பதற்குப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் தரப்பு விளக்கம் ஓர் உரையாடலில் சொல்லி முடிக்கப்படுகிறது, நெய்ரு உண்மையில் மனிதப் பிறவியே இல்லை என்று தெரியவருகிறது, தோழிகள் பிரிகிறார்கள், அழைப்பு வந்த கைபேசியை ஓட்டோ அச்சத்தில் எறிகிறாள், காலம் ஓடுகிறது, கடைசியில் அவள் மீண்டும் தோட்டத்தைத் தேடிவருகிறாள். ஃப்ரில் என்ன ஆனாள் என்பது கிடக்கட்டும். தோழி திரும்பிவந்தும் தன்னை அறியாத நிலையை ஒரு சிறுமி எப்படித் தாங்குவாள் என்பதுதான் இந்தத் தொடரின் மையத்திலேயே இருந்த காட்சி. அதற்குக் கிடைத்தது சில நிமிடம். விளக்கம் இல்லாததை மன்னிக்கலாம்; துக்கப்படுவதற்கு இடம் இல்லாததை மன்னிப்பது கடினம். ரெகியின் ஊரில் மதில் மர்மமாக இருந்தாலும் ரெகிக்குப் போதிய நேரம் கிடைத்தது என்பதை இங்கே நினைத்துப்பார்க்கலாம்.

நேரமும் பணமும் தீர்ந்தால் எல்லாத் தொடருக்கும் இந்தக் கதிதானா? 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை டிவி டோக்கியோவில் ஒளிபரப்பான ‘நியான் ஜெனசிஸ் இவாஞ்சலியன்’ அதற்கு எதிர் உதாரணம். ராட்சத இயந்திரங்களில் ஏறிப் போரிடும் சிறுவர்களைப் பற்றி ஹிடேயாகி அன்னோ இயக்கிய அந்த 26 எபிசோட் தொடரில் பற்றாக்குறையின் தழும்புகள் பின்பகுதி முழுவதும் தெரிகின்றன. 22ஆவது எபிசோடில் அசுகா, ரெய் என்ற இரு சிறுமிகள் ஒரு லிஃப்டில் நிற்கும் காட்சி புகழ்பெற்றது. ஏறக்குறைய ஒரு நிமிடம் திரையில் ஒரே ஓவியம்; இருவரும் அசைவதில்லை, பேசுவதில்லை, இயந்திரத்தின் ஓசை மட்டும் கேட்கிறது. ஒரு விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு ஓவியங்கள் வரை தேவைப்படும் தொழிலில் ஒரு நிமிடத்தை ஓர் ஓவியத்தால் கடப்பது பெரும் சிக்கனம். ஆயினும் ஒருவரை ஒருவர் சகிக்காத இருவர் ஒரு சிறு பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் இறுக்கத்தை, எவ்வளவு அசைவு சேர்த்திருந்தாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

அதன் கடைசி இரண்டு எபிசோட்களோ போரையும் பூத இயந்திரங்களையும் அப்படியே விட்டுவிட்டு, ஷின்ஜி என்ற சிறுவனின் மனத்துக்குள் சென்றுவிடுகின்றன. மடக்கு நாற்காலி, மேடை விளக்கு, பென்சில் கோடுகள், நிழற்படங்கள், திரையில் எழுத்துகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு எடுக்கப்பட்டவை அவை. கதையின் புற நிகழ்வுகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. பார்வையாளர்கள் பலர் கொதித்துப்போனார்கள், 1997 ஜூலையில் திரைப்படமாக வேறொரு முடிவு வந்தது. ஆனால் முதல் எபிசோடிலிருந்து அந்தச் சிறுவன் கேட்டுக்கொண்டிருந்தது ‘நான் இங்கே இருக்கலாமா’ என்ற ஒரே கேள்வி. மிஞ்சியிருந்த நிமிடங்கள் அத்தனையையும் அன்னோ அந்தக் கேள்விக்கே செலவிட்டார். எதைக் கைவிடுவது என்ற தேர்வுதான் இரு தொடர்களையும் பிரிக்கிறது: இவாஞ்சலியன் கதைப்பின்னலைக் கைவிட்டுச் சிறுவனை வைத்துக்கொண்டது, வொண்டர் எக் கடைசி நேரத்தில் கதைப்பின்னலைப் பெருக்கி, சிறுமிகளை விரைவாக வழியனுப்பியது.

அப்படியென்றால் வொண்டர் எக் தோல்வியா? நான் அப்படிச் சொல்லமாட்டேன், ஆனால் ‘முடிவைத் தவிர எல்லாம் அருமை’ என்ற வழக்கமான சமாதானமும் எனக்கு ஒப்பவில்லை. ஒரே மர்மத்தை நோக்கிப் படிப்படியாக ஏறும் தொடராக இருந்தால், உச்சி சரிந்ததும் படிகளும் வீணாகிவிடும். இது அவ்வாறு கட்டப்படவில்லை. முட்டைச் சிறுமிகளின் கதைகள் அந்தந்த எபிசோடுக்குள் தொடங்கி அங்கேயே முடிகின்றன. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையின் வேதனையைப் புரிந்துகொள்ள ஃப்ரில்லைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ரிகாவும் தாயும் சந்திக்கும் காட்சியின் உண்மையைச் சிறப்பு எபிசோட் அழித்துவிடவும் இல்லை. எனவே ஒரு சிறுகதைத் தொகுப்பாக இது நிற்கிறது, சில கதைகள் மிக உயர்ந்தவையாகவும் நிற்கின்றன. நாவலாக எடுத்துக்கொண்டால் இது கடைசி அத்தியாயங்கள் வேறொரு புத்தகத்திலிருந்து ஒட்டப்பட்டதுபோல் இருக்கிறது. ஓட்டோவின் கதை மட்டுமே பன்னிரண்டு எபிசோட்களையும் கோத்துச் செல்வது என்பதால், முடிவின் சேதம் முழுவதும் அவள் மீதே விழுந்திருக்கிறது. நாயகிக்கே நியாயம் செய்யாத தொடர் என்ற குற்றச்சாட்டு இதனால் மிஞ்சுகிறது, அதை மறுப்பதற்கில்லை.

புதிதாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு நடைமுறையில் சொல்லக்கூடியது இது. தொடர் தற்கொலை, துன்புறுத்தல், பாலியல் வன்முறை ஆகியவற்றை நேரடியாகக் கையாள்கிறது. மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் தொடங்க வேண்டாம். ஒரே மூச்சில் பார்க்காமல் நாளுக்கு ஓர் எபிசோடாகப் பாருங்கள். தனிக்கதைகளாக அவை மனத்தில் தங்க அது உதவும். எட்டாவதை விட்டுவிடலாம், எதுவும் குறையாது. பதினோராவதை ஒரு பேய்க்கதையாக எடுத்துக்கொண்டால் அது தரும் திகில் முழுமையாகக் கிடைக்கும். பன்னிரண்டாவது முடிந்ததும் சில நாட்கள் இடைவெளி விட்டு, சிறப்பு எபிசோடின் இரண்டாம் பாதியை மட்டும் பாருங்கள்.